ஒற்றைப் பொட்டு டப்பா

எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு துண்டு உள்ளே போனாலும் வயிறு ஒரு வழி பண்ணிவிடும். மீனை டப்பாவில் அடைத்து விற்றவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம், சார்ஜெண்ட் ஐயா. சாராயக் கடை வைத்திருப்பவன் குடிகாரனாக இருக்கவேண்டும் என்று சட்டமா என்ன? தேநீருக்கு நன்றி. இந்தக் காலனியில் இவ்வளவு தாராளமாகச் சர்க்கரை போடுகிற காவல் நிலையத்தை நான் பார்த்ததில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் சைலஸ் டல்லக். ஆஷ்பி துறையில் இருக்கும் மடவை மீன் தொழிற்சாலை என்னுடையது. தொழிற்சாலை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கழிமுகத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, டப்பாவைக் கொதிக்க வைக்க இரண்டு கொப்பரை, மீன் நறுக்க நாலு பெண்கள், டப்பா செய்ய ஒரு தகர வேலைக்காரன், அவ்வளவுதான். அந்தத் தகர வேலைக்காரன்தான் ஜேபஸ் பென்ரோஸ். நீங்கள் கேட்பது அவன் சாவைப் பற்றி என்று எனக்குத் தெரியும். ஆனால் அரசாங்கத்திலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் நேராக வரும்.

நம் அரசாங்கத்துக்கு ஓர் ஆசை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்குகிற எல்லாச் சாமானையும் நியூசிலாந்திலேயே செய்துவிட வேண்டுமாம். யார் முதலில் செய்கிறாரோ அவருக்கு ஊக்கத்தொகை. பட்டுக்கு உண்டு, காகிதத்துக்கு உண்டு, கஞ்சி மாவுக்கும் உண்டு. பட்டுக்கு மனுப் போட்ட பாதிரியாரின் புழுக்களைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் கொத்தித் தீர்த்துவிட்டன. கோழி வளர்ப்புக்கு ஏதாவது உண்டா என்று அவர் வெலிங்டனுக்கு எழுதிக் கேட்டதாக ஊரில் பேச்சு. காகிதம் செய்த ஆசாமி தன் காகிதத்திலேயே மனு எழுதி அனுப்பினார். மை ஊறிப் பரவி, அவர் கேட்டது காகிதத்துக்கா கம்பளிக்கா என்று அதிகாரிகளுக்குப் புரியாமல் போயிற்று. இவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தவன்தான் நான். அப்புறம் டப்பா மீனுக்கும் தொகை என்று அறிவித்தார்கள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

விதி எளிமையானது. ஐந்நூறு டஜன் டப்பா தயாராக இருக்க வேண்டும். அது ஒரு கோடையைத் தாண்டி நிற்க வேண்டும். பிறகு அரசாங்க அதிகாரி ஒருவர் நேரில் வந்து, தன் இஷ்டப்படி ஒன்றைத் திறந்து, ருசி பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது பொட்டு. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வாக்குமூலத்தில் இருக்கட்டும். மீனை அடைத்து மூடியைப் பற்றவைத்த பிறகு, மூடியின் நடுவில் ஊசி முனை அளவு துளை விடுவோம். கொதிநீரில் வைத்ததும் உள்ளே இருக்கும் காற்று அந்தத் துளை வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறும். சீறல் அடங்கியதும் ஒரு சொட்டு ஈயத்தால் துளையை அடைத்துவிடுவோம். அதுதான் பொட்டு. உள்ளே இருக்கிற மீன் கெட்டால் டப்பா உப்பும். தூக்கி எறிய மனசு வராத முதலாளி, இன்னொரு துளை போட்டு, வாயுவை வெளியே விட்டு, மறுபடியும் ஒரு கொதி கொதிக்க வைத்து, இரண்டாவது பொட்டு வைப்பான். அதனால் இங்கே டப்பா வாங்குகிற யாரும், வீட்டுச் சமையல்காரி ஆனாலும் மலையில் சாலை போடுகிற கூலியாள் ஆனாலும், முதலில் மூடியைத் தடவிப் பார்ப்பார்கள். இரண்டு பொட்டு தட்டுப்பட்டால் கடைக்காரன் தலைமேல் வீசுவார்கள். ஒரு பொட்டு இருந்தால் பாதிரியாரின் வார்த்தையைவிட அதை நம்புவார்கள்.

ஜேபஸ் வைக்கிற பொட்டு ஒரு மிளகு அளவு இருக்கும். கூடாது, குறையாது. நானும் அவனும் ஒரே கப்பலில் வந்தவர்கள். நடுக்கடலில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது தன் பங்குத் தண்ணீரை எனக்குக் கொடுத்தவன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் நன்றி மறக்கிறவன் இல்லை.

நம் ஊர்க் கோடையின் நடுவில், ஜனவரி வெயிலில் டப்பாக்கள் உப்ப ஆரம்பித்தன. ஜேபஸ் ஒன்றைக் கையில் எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தான்.

"சைலஸு, இது போச்சுடா. படகுல ஏத்திக் கொண்டுபோயி கடல்ல கொட்டிரு."

"கொட்டிட்டா அதிகாரி வர்றப்ப எதைக் காட்டுறது?"

"அடுத்த வருசம் காட்டு. கவர்மெண்டு எங்க ஓடிரப் போவுது? நாறுன மீனுக்கு என் கையால ரெண்டாம் பொட்டு வெக்க மாட்டேன். ஆள விடு."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அவன் கையால் வைக்க மாட்டான். சரி, என் கை இருக்கிறதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் மனைவி லவ்டேயும் ஆராதனைக்குப் போன நேரத்தில் கொட்டகையைத் திறந்தேன். புதுத் துளை போடவில்லை. பழைய பொட்டின் மேலேயே பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்தேன். ஈயம் இளகியது, துளை திறந்தது, வாயு வெளியேறியது. மூக்கைப் பொத்திக்கொண்டேன். பிறகு ஒரு கொதி, அதே இடத்தில் அதே அளவு பொட்டு. ஆக, ஒரே பொட்டு. நாலு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போயிற்று. நம் காலனிக்கு நான் உண்மையிலேயே கண்டுபிடித்துக் கொடுத்த புதுத் தொழில் இது ஒன்றுதான். இதற்கு ஊக்கத்தொகை எதுவும் அறிவிக்கப்படவில்லை.

ஒழுங்கு வேண்டும் என்று, அந்த டப்பாக்களின் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டுப் பின்வரிசையில் அடுக்கினேன். உப்பியதெல்லாம் கடலுக்குப் போய்விட்டது, மிச்சமே போதும் என்று ஜேபஸிடம் சொன்னேன். அவனுக்குத் தகரம் தெரியும், கணக்குத் தெரியாது. என் தோளைத் தட்டி, "மனுசன்டா நீ," என்றான்.

மார்ச்சில் அதிகாரி வந்தார். மிஸ்டர் பெட்டிகுரூ, வெள்ளைக் கைக்குட்டைக்காரர். கொட்டகை வாடை அவருக்குத் தாங்கவில்லை. அதனால் பரிசோதனையை ஜேபஸ் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டோம். லவ்டே விரிப்புப் போட்டு, உருளைக்கிழங்கு அவித்து, ரொட்டியும் தொட்டுக்கொள்ளப் புளிப்புக் காடியும் எடுத்து வைத்திருந்தாள். நான் முன்வரிசையிலிருந்து நல்ல டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதிகாரி அதை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"நீங்க எடுத்துக் குடுத்தா அதுக்குப் பேரு விருந்து, மிஸ்டர் டல்லக். பரிசோதனை இல்ல. என்னப்பா பென்ரோஸ், நீ போயி பின்னாலேர்ந்து ஒண்ணு உருவிட்டு வா பாப்போம்."

ஜேபஸ் போய் எடுத்து வந்தான். கட்டைவிரலால் மூடியைத் தடவி, "ஒரே பொட்டுங்க, என் கை பொட்டு," என்று பெருமையாகச் சொன்னான். லவ்டேயிடம் கொடுத்தான். அவள் துணியால் துடைப்பதற்காக டப்பாவைத் திருப்பியபோது அடியில் இருந்த கீறலைப் பார்த்தேன்.

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நிதானமாக யோசியுங்கள். வாயைத் திறந்தால் தொகை போயிற்று. நாலு பெண்களின் வேலை போயிற்று. காலனியின் தொழில் வளர்ச்சி ஒரு படி இறங்கியது. வாயைத் திறக்காவிட்டால், மீன் ஒருவேளை நன்றாகவே இருக்கலாம். நான் நம்பிக்கையோடு இருப்பது என்று முடிவு செய்தேன்.

"சைலஸ் அண்ணே, நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்களேன்," என்றாள் லவ்டே.

"எனக்கு ஒத்துக்காதும்மா."

"கேட்டீங்களா ஐயா?" என்று ஜேபஸ் அதிகாரியிடம் சிரித்தான். "மீன் கம்பெனி மொதலாளி. மீனு ஒத்துக்காதாம்."

மிஸ்டர் பெட்டிகுரூ முள்கரண்டி நுனியில் கடுகளவு எடுத்து நாக்கில் வைத்தார். கைக்குட்டையை வாயருகே கொண்டுபோனார். கைக்குட்டை மடிந்து சட்டைப்பைக்குள் போனது. பிறகு கையெழுத்துப் போட்டார். விதியில் ருசி பார்க்கத்தான் சொல்லியிருந்தது, விழுங்கச் சொல்லவில்லை.

அவர் போனதும் நானும் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை, உட்கார்ந்திருந்தேன். லவ்டே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னமோ ஒரு வாடை அடிக்குதுங்க," என்று தட்டைத் தள்ளினாள். "கவர்மெண்டே கையெழுத்துப் போட்ட மீனுடி, உனக்கு வாடை அடிக்குதா?" என்று ஜேபஸ் காடியை ஊற்றி, மிச்சம் முழுவதையும் ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டான். நல்ல பசியில் இருந்தான். எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் அவனுக்கு ஜன்னல் இரண்டாகத் தெரிந்தது. "என்னடி, சைலஸு ரெண்டு பேரா வந்து நிக்கிறான்?" என்றான். சாயங்காலம் தொண்டை அடைத்தது, தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. லவ்டேயும் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்று பக்கத்துக் கட்டிலில் கண் சொருகிக் கிடந்தாள். மரம் அறுக்கும் மில் இருக்கிற ஊரிலிருந்து வந்த டாக்டர், என்ன சாப்பிட்டார்கள், டப்பா எங்கே என்று கேட்டார். நான் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். மூடி குப்பை வாளியில் கிடந்தது. ஜேபஸின் பற்றவைக்கிற இரும்பும் ஒரு துண்டு ஈயமும் அடுப்பு ஓரத்தில் இருந்தன. அடுப்பில் தணல் இருந்தது.

ஜேபஸின் மூச்சு சுவருக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, எனக்கு நன்றாகக் கேட்டது. பழைய பொட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது பொட்டை வைத்தேன். மிளகு அளவு, கச்சிதம். ஜேபஸே பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டான்.

விடிவதற்குள் அவன் போய்விட்டான். விசாரணையில், நான் டாக்டரிடம் கொடுத்திருந்த மூடியைக் கைக்குக் கை மாற்றித் தடவிப் பார்த்தார்கள். பொட்டு வைக்கிறவன் ஜேபஸ்தான் என்று ஊருக்கே தெரியும். அதற்கப்புறம் யாருக்கும் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. "பெரிய யோக்கியன் மாதிரி பேசுனான். அவன் பண்ணுன தில்லுமுல்லு அவன் உசுரயே வாங்கிருச்சு," என்றார் ஊர்க் கடைக்காரர். அடக்கத்துக்கு ஆறேழு பேர்கூட வரவில்லை. பெட்டிக்கு நான்தான் ஏற்பாடு செய்தேன், ஒரு பக்கம் தூக்கியதும் நான்தான். தொகையும் அதற்குள் வந்துவிட்டது, தொழில் வளர்ச்சிக்கு என் தொண்டைப் பாராட்டி ஒரு வரியோடு.

லவ்டே பிழைப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பிழைத்தாள். குரல் போய்விட்டது. எழுந்து நடக்க முடிந்த அன்றே உங்களிடம் வந்து அந்தக் கிசுகிசுக் குரலில் சொன்னாளாம்: "டப்பாவைத் தொடச்சது நானு. ஒரு பொட்டுதான் இருந்துச்சு. எம் புருசன் செத்தது செத்ததுதான், திரும்ப வரப் போறதில்ல. ஆனா அவரு ரெண்டாம் பொட்டு வெச்சாருன்னு ஒரு நாயி சொல்லக் கூடாது."

நீங்கள் வந்து கேட்டபோது அதற்கு நான் கொடுத்த பதில் உங்களுக்கு நினைவிருக்கும். பாவம், அவள் கண்ணுக்கு எல்லாம் இரட்டையாகத் தெரிந்தது, அவள் எண்ணினதை எப்படி நம்புவது என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "ஒண்ண ரெண்டாப் பாக்குற கண்ணு, ரெண்ட எப்படிங்க ஒண்ணாப் பாக்கும்?" என்றீர்கள். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் இன்று நானே நடந்து வந்தேன். நியாயமான பேச்சுக்கு நான் எப்போதும் கட்டுப்படுகிறவன்.

ஆக, மூடியில் இரண்டாவது பொட்டு வைத்தது நான். கீறல் டப்பா என்று தெரிந்தே பேசாமல் இருந்தது நான். லவ்டேயிடம் இதைச் சொல்லிவிடுங்கள், ஜேபஸ் வைத்தது ஒரே பொட்டுதான். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். ஜேபஸுக்கு எப்போதுமே தொண்டை பலவீனம், மழைக்காலத்தில் இருமுவான். என் முறையில் கோளாறு இல்லை. கீறல் போட்ட டப்பாக்களில் மிச்சம் முழுவதும் மலைமேல் சாலை போடுகிறவர்களின் முகாமுக்குப் போயிருக்கிறது. ஒரு புகார் வரவில்லை. அங்கே ஏதோ காய்ச்சல், முகாமில் வேலை நின்றுவிட்டது என்று சொல்கிறார்கள். மலையில் காய்ச்சல் வருவது சகஜம்.

இது என்ன? முகாமிலிருந்து வந்ததா? ஆமாம், அடியில் கீறல் இருக்கிறது, என்னுடையதுதான். மூடியைத் தடவிப் பாருங்கள், ஒரே பொட்டு. அருமையான சரக்கு, ஐயா. கடவுள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதைப் பெற்ற பிள்ளைக்கே கொடுக்கலாம்.

வேண்டாம், கத்தியை எடுக்காதீர்கள். திறக்க வேண்டாம். ஒரு வாய்கூட வேண்டாம். நான்தான் முதலிலேயே சொன்னேனே, எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது.