நாலரை மணிக் காற்று

1. ஞாயிறு மதியம் ராமேஸ்வரம் போகும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது.
2. ஜன்னல் கம்பி சுட்டதால் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.
3. முன் இருக்கையில் இனிப்புப் பெட்டிகளோடு இருந்த பெண்மணி கணவரிடம், “பொண்ணு வீட்டுக்காரகள வெயில் நேரத்துல வரச் சொல்லலேல்ல?” என்று கேட்டார்.

“நம்ம வீட்டப் பாக்க நாலரைக்குத்தான் வரச் சொன்னேன். அதுக்குள்ள கடல் காத்து வந்துரும்.”

“கோயம்புத்தூர்க்காரககிட்ட, ‘எங்க ஊரு இதமா இருக்கும்’னு எதுக்கு அளந்தீக? பொண்ணுக்கு வெயில் ஆகாதுன்னு முதல்லயே சொன்னாகல்ல?”

“கடலோரம், வருசம் பூரா சீதோஷ்ணம் மாறாதுன்னு போன்லயே போட்டிருக்கு.”

“மாறாதுதான். தையிலயும் வேகுது, சித்திரையிலயும் வேகுது.”

“மெதுவாப் பேசு. மூணு வருசமாத் தேடி இப்பத்தான் ஒண்ணு அமையுது.”

அவருடைய போன் ஒலித்தது. மகன் பேசியது எனக்கும் கேட்டது.

“அய்யா, அவக வந்துட்டாக. நாலரைக்கு ராகு காலமாம், அதான் ரெண்டு மணிக்கே.”

“உள்ள உக்கார வச்சியா?”

“கரண்டு இல்ல. எல்லாரும் வேப்பமரத்தடியில நிக்கிறாக. பொண்ணோட அப்பா சட்டையக் கழட்டிட்டாரு. அந்த இதமான காத்து எப்ப வரும்னு கேக்குறாரு.”

மனைவி போனை வாங்கினார். “ராகு காலத்துல வரும்னு சொல்லுப்பா.”

கணவர் போனைப் பிடுங்கினார். “கிளம்புறாகளா?”

“இல்லய்யா. நாலே கால் வரைக்கும் பாப்போம்கிறாக.”

உச்சிப்புளியில் இருவரும் அவசரமாக இறங்கினார்கள். அப்போது மணி இரண்டே முக்கால். நிறுத்தத்து மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.