பாப்பாவுக்குப் போட்ட மார்க்

— ஏண்ணே, பிரமோஷன் ஆர்டரைக் கையில வச்சுக்கிட்டு யார் வீட்டுக்கோ துக்கம் கேக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்கே? பயிற்சிப் பொறுப்பாளர்னா சும்மாவா? அம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தாச்சு.

— கதவைச் சாத்து பாப்பா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— வெளியில ரத்தம் எடுக்க ஆறு பேர் காத்திருக்காங்க. சட்டுனு சொல்லு.

— போன மாசம் லேப்ல எல்லாருக்கும் ஒரு படிவம் குடுத்தாங்கள்ல? நமக்கு நாமே மார்க் போட்டுக்கறது?

— ஆமா, இருபது கேள்வி. அதை வச்சுத்தான் யாருக்கு அடுத்து என்ன வேலைன்னு பாப்போம்னாங்க. என்னை நானே மெச்சிக்க எனக்கு வெக்கம் புடுங்கித் தின்னுச்சு. நீயே போட்டுடுண்ணேன்னு உன் தலையில கட்டிட்டேன்.

— கட்டினியா, அதுல வந்து... நான்...

— மென்னு முழுங்காதண்ணே.

— "கத்துக்குடுக்கிற திறமை"ன்னு ஒரு கேள்வி. அஞ்சுக்கு உனக்கு ரெண்டு போட்டேன். "நெருக்கடியில நிதானம்", அதுக்கும் ரெண்டு.

— சரி, உனக்கு?

— எனக்கு எல்லாத்துக்கும் அஞ்சு. வாய்விட்டுத் திட்டிடு பாப்பா. புதுசா வந்த பொண்ணு நரம்பு கிடைக்காம அழுதப்போ, இந்தா என் கையில குத்திப் பழகுன்னு நீட்டினவ நீ. நான் அதைப் பாக்க முடியாம வெளிய போயிட்டேன். எல்லாம் தெரிஞ்சுதான் ரெண்டு போட்டேன்.

— ஏண்ணே?

— பதினாறு வருஷமா ஊசி புடிக்கிறேன். எனக்குப் பின்னாடி வந்தவனெல்லாம் மேல போயிட்டான். கடைசியில தங்கச்சிக்கும் கைகட்டி நிக்கணுமான்னு ஒரு புத்தி. சொல்ல நாக்கு கூசுது. நீயும் அந்தப் படிவத்தைத் திருப்பிக்கூடப் பாக்காம கையெழுத்துப் போட்டே பாரு, அன்னியிலேருந்து எனக்குச் சோறு இறங்கல.

— பாக்கலைன்னு உனக்கு யார் சொன்னா?

— என்ன சொல்றே?

— நீ டீ வாங்கப் போனப்போ வரிவரியாப் படிச்சேன்.

— படிச்சுட்டா கையெழுத்துப் போட்டே? சண்டைக்கு வந்திருக்க வேண்டாமா?

— எதுக்குச் சண்டை? நாம நல்லாத்தான் சொல்லிக்குடுக்கிறோம்னு எனக்குள்ள ஒரு நெனப்பு இருந்துச்சு. அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. பொழுதன்னைக்கும் பக்கத்துல நிக்கிற அண்ணனே ரெண்டு போடுதுன்னா, அப்ப நான்தான் என்னைப் பத்தி ஏதோ பெருசா நெனச்சுட்டேன் போலன்னு ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு முகத்தைப் பாக்கவே ரெண்டு நாள் கூசிச்சு.

— என்னை ஏன் பாப்பா அப்படி நம்பினே? சரி, விடு. இப்பவே ஆர்டர் போட்ட பெரிய டாக்டர்கிட்ட போறேன். நான் பண்ணின அசிங்கத்தைச் சொல்லி ஆர்டரைத் திருப்பிக் குடுத்துடறேன்.

— வேணாம், உக்காரு.

— விடு பாப்பா. நான் போட்ட மார்க்கைப் பாத்துத்தானே உன்னைக் கழிச்சாங்க?

— கழிக்கலண்ணே. அவர் மார்க்கையெல்லாம் ஓரமா வச்சுட்டு இந்த வேலைக்கு முதல்ல என்னைத்தான் கூப்பிட்டார். எனக்கு அந்தத் தகுதி இல்ல டாக்டர், அண்ணனுக்குக் குடுங்கன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன்.