நாற்பத்தொரு மாந்தம்

— சிரிக்காதீங்க பூவம்மாக்கா. மாந்தம்னா என்னன்னு முதல்ல சொல்லுங்க.

— என்ன டாக்டர் தம்பி, விளையாடறீங்களா? ரெண்டு வருஷமா நான் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டி ஆட்டி நோட்டுல எழுதுனீங்களே!

— எழுதுனேன்லா. அதான் வினையாப் போச்சு. சீமையிலேருந்து வந்த ரெண்டு பெரிய டாக்டருங்களும் என் நோட்டைப் புரட்டிட்டு, "மாந்தம், நாப்பத்தோரு கேஸ்! நாங்க கேள்விப்படாத வியாதியா இருக்கே"ன்னு நிமிந்து உக்காந்துட்டாங்க.

— அட கடவுளே! பச்சப்புள்ளைக்குப் பாலு ஒத்துக்கலைன்னா மாந்தம். பல்லு முளைச்சா மாந்தம். வயிறு உப்புனா மாந்தம், பச்சையாப் போனா மாந்தம். புள்ளைக்கு என்னன்னு தெரியாதப்ப ஆத்தாக்காரி சொல்ற பேரு அது.

— இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

— நீங்க கேட்டீங்களா? தமிழ்ப் புள்ளைக்குத் தமிழ் வார்த்தையைக் கேக்க வெக்கம்! தாய்மாருங்க சொன்னதை நான் உங்ககிட்ட சொன்னேன். இங்கிலீஷ்ல எழுதிட்டா அது வியாதி ஆயிடுமா?

— ஆயிடுச்சேக்கா. பால் மாந்தம், சுழி மாந்தம், போர் மாந்தம்னு நீங்க சொன்னதை டைப் ஒன், டைப் டூ, டைப் த்ரீன்னு வேற பிரிச்சு வச்சிருக்கேன்.

— வெளங்கிடும்! சரி, அவங்க எதுக்குத்தான் வந்தாங்க? ஒரு வாரமா பெரிய நர்ஸ் மிஸ்ஸி எங்களைப் போட்டு வாட்டி எடுத்துட்டா. கட்டில் காலைத் தேய், ஜன்னல் கம்பியைத் தேய்னு, என் கையே தேஞ்சு போச்சு.

— குழந்தை டாக்டராகறதுக்கு இந்த வார்டுல கிடைக்கிற பயிற்சி தரமானதான்னு பாக்க வந்திருக்காங்க. சரின்னு எழுதிட்டா நான் பட்ட ரெண்டு வருஷமும் செல்லும். இல்லைன்னா அம்புட்டும் வீண். சீமைக்குக் கப்பலேறி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். வாதம் வந்து கிடக்கிற அப்பாவை விட்டுட்டு நான் எப்படிக்கா போவேன்?

— நம்ம தீவுக்குச் சுயாட்சி வந்து மூணு வருஷமாச்சு, இன்னும் சீமைக்காரன் வந்துதான் மார்க்கு போடணுமா? சரி, தரம் பாக்க வந்தவங்க என்னத்தைப் பாத்தாங்க?

— கட்டிலை எண்ணுனாங்க. ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் எத்தனை அடின்னு அளந்தாங்க. புஸ்தக அலமாரி முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க.

— அதுல பாதிப் புஸ்தகம் நேத்துதானே பக்கத்துக் கட்டடத்துலேருந்து வந்துச்சு! என் இடுப்பைக் கேளுங்க, சொல்லும்.

— உஷ்! மெதுவாப் பேசுங்க.

— ஒரு புள்ளையையாவது தொட்டுப் பாத்தாங்களா?

— அது ஃபார்ம்ல இல்லக்கா.

— நல்லா இருக்கு போங்க! தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்குறவகூட செவுளைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் கூடையில போடுறா.

— இன்னொரு வம்பும் இருக்கு. நோட்டுல "கற்றுக்கொடுத்தவர்"னு ஒரு கட்டம். நம்ம வார்டுப் பெரிய டாக்டர் வாரத்துக்கு ஒரு நா வர்றாரு, கோப்பி குடிக்கிறாரு, போயிடறாரு. அவர் பேரை எழுத எனக்கு மனசு வரலை. பி. அம்மான்னு எழுதிட்டேன்.

— அது யாரு பி. அம்மா?

— நீங்கதான். பூவம்மாங்கறதோட முதல் எழுத்து இங்கிலீஷ்ல பி.

— ஐயய்யோ! நான் மூத்திரத் துணி அலசற ஆயா தம்பி!

— உச்சிக்குழி உள்ளே போயிருக்கான்னு தடவிப் பாருன்னு சொன்னது யாரு? அழற புள்ளையை அப்புறம் பாத்துக்கலாம், அழாம கிடக்கிறதை முதல்ல பாருன்னு சொன்னது யாரு? போன மாசம் லாரிக்காரர் தங்கராஜு மவ பொழைச்சதே அதனாலதானே? பொய் எழுதலைக்கா. உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்.

— போங்க தம்பி, கண்ணுல தண்ணி வர வச்சுட்டீங்க. பதினெட்டு வருஷம் இந்த வார்டுல கிடந்தா செவுத்துக்குக்கூட இதெல்லாம் தெரிஞ்சிரும்.

— பேசாம உள்ளே போய் மாந்தத்தைப் பத்தி உண்மையைச் சொல்லிடவா?

— சும்மா இருங்க. ஊதுற சங்கை ஊதியாச்சு, விடியறப்ப விடியட்டும். அதோ, கிளார்க்கு வர்றாரு. கடைவாய்ப் பல்லு வரைக்கும் தெரியுது.

— டாக்டர் சேதுபதி, கையைக் கொடுங்க! இப்பத்தான் ரிப்போர்ட்டை டைப் அடிச்சு முடிச்சேன். நம்ம வார்டு பாஸ்!

— நெசமாவா நூருல் அமீன்?

— அல்லா மேல ஆணை. தமிழ்லயே சொல்றேன், பூவம்மாவும் கேக்கட்டும். "வேறெங்கும் காணக் கிடைக்காத மாந்தம் நோய்க்கு இங்கே நாற்பத்தொரு பேருக்குச் சிகிச்சை தரப்பட்டுள்ளது. டாக்டர் பி. அம்மா அருகில் நின்று கற்றுக்கொடுக்கும் முறை மிக உயர்ந்தது. அவரிடம் இன்னும் நான்கு டாக்டர்களை அனுப்பலாம்." ஆமா, யாரு அந்த டாக்டரம்மா? நம்ம பட்டியல்ல அப்படி ஒரு பேரே இல்லியே?

— கேட்டீங்களா தம்பி! சீமைக்காரனே பட்டம் கட்டிட்டான். இனிமே எனக்கும் கழுத்துல ஒரு குழாய் மாட்டி விடுங்க.

— இருங்க பூவம்மா, இன்னும் இருக்கு. கீழே ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. "மூன்றாம் கட்டில் குழந்தையைப் படிப்பில்லாத ஓர் ஆயா தூக்கித் தலைகீழாகப் பிடித்ததைக் கண்டோம். இது பயிற்சியின் தரத்துக்குக் கேடு. நாளை முதல் ஆயாக்கள் வார்டுக்குள் வரக்கூடாது."

— மூணாம் கட்டிலா? பாலு புரையேறி நீலம் பாரிச்சுப் போச்சய்யா அந்தப் புள்ளை! அவங்க அலமாரியைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் தூக்காம யாரு தூக்குறது? பாவிங்களா!

— நம்ம பெரிய டாக்டரும் கையெழுத்துப் போட்டுட்டாரு பூவம்மா. என்கிட்ட கோவிச்சுக்காதீங்க.

— நான் போறேன்க்கா. இப்பவே போய், அந்த ஆயாதான் பி. அம்மான்னு சொல்லிடறேன்.

— சொன்னா உங்க ரெண்டு வருஷம், தம்பி?

— போயிடும். போனாப் போகட்டும். இதோ போறேன்.

— போறேன் போறேன்னுட்டு, நாற்காலியை விட்டு இன்னும் எந்திரிக்கலையே நீங்க. பரவாயில்ல, உக்காருங்க. அந்த டாக்டரம்மாவைப் பாத்தா மட்டும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க தம்பி: நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா, வேணாமா?