ஒரு நூல் தேய்மானம்

— இன்னொரு தடவ திருகிப் பாரு செல்வி.

— பாத்துட்டேங்க. கைப்பிடி சுத்துது. கதவு வரல.

— நம்ப முடியலையே. உங்க காலேஜ்ல பாடத்துக்கு நிறுத்தியிருக்குற எழுபது வருசத்து ஏரோப்ளேன். தாழ்ப்பாள் நாக்கு முழுசா ஒரு நூல், அரைக்கால் இஞ்சு, தேஞ்சு கெடக்கு. தேஞ்ச நாக்கு கதவ விடும். பிடிக்காது.

— அதாவது, உள்ள ஸ்பிரிங் சிக்கியிருக்கலாம்.

— வந்துருச்சு உன் ‘அதாவது’. நான் ஒண்ணும் உன் கிளாஸ்ல உக்காந்திருக்குற பய இல்ல.

— அவனுகளாச்சும் கேள்வி கேப்பானுக. நீங்க மூணு மாசமா வாயே தொறக்கல. லேத் பட்டறையிலயே சாப்பாடு, அங்கனயே படுக்கை.

— உங்க பிரின்சிபால் கூப்பிட்டாக, தாழ்ப்பாள் மாத்த வந்தேன். நீ பின்னாலயே ஏறிக் கதவச் சாத்துவேன்னு யாரு கண்டா?

— உள்ள இருந்து பாத்தாத்தான இடுக்கு தெரியும்?

— தெரிஞ்சுச்சா?

— இருட்டுதான் தெரியுது.

— நகரு, நான் பாக்குறேன்.

— எங்கன நகர? ரெண்டே சீட்டு, ஒத்தக் கதவு. அதுவும் என் பக்கம். என்னத் தாண்டி உங்க கை வராது.

— சரி, உக்காரு. வேர்த்து ஊத்துது. காலேஜ்காரவுக இம்புட்டு பீஸ் வாங்குறாக, இந்தத் தகரக் கொட்டகைக்கு ஒரு ஃபேன் மாட்டக் கூடாதா?

— ஏரோப்ளேனுக்கு எதுக்கு ஃபேன்?

— அதுவும் சரிதான். முன்னாடியே பெருசா ஒண்ணு இருக்கு. அந்தக் கதவுத் தோல்வார எதுக்கு அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கே?

— சாஞ்சுக்கத்தான். மணி என்ன?

— மூணே முக்கால்.

— நாலு மணிக்கு என் தம்பி கார் கொண்டு வர்றான். காமயகவுண்டன்பட்டிக்குப் போறேன், அம்மா வீட்டுக்கு.

— உன் தம்பி பாண்டியராஜனே போன்ல சொன்னான். மிக்சியையும் தூக்கிட்டுப் போறியாமே.

— எங்க அம்மா வாங்கிக் குடுத்தது.

— கிரைண்டரு?

— அது கனம். நீங்க போகாதன்னு ஒரு வார்த்த சொன்னா எதையுமே தூக்க வேண்டியதில்ல.

— அந்த நாக்க நினைச்சுட்டிருந்தேன். தேய்மானம் மொத்தமும் அடிப்பக்கம். மேல்பக்கம் புதுசு மாதிரி இருக்கு. ஏன் சொல்லு?

— ஏன்?

— கதவு தொங்கிருச்சு. கீல் ஆணி ஆடுது, அதான் நாக்கு ஒவ்வொரு தடவையும் ஓட்டையோட விளிம்ப ஒரசிக்கிட்டே உள்ள போகுது. தாழ்ப்பாள மட்டும் மாத்துனா அடுத்த வருசம் அதுவும் இப்படித்தான். மொதல்ல கீல் ஆணி.

— எட்டு வருசமா இதக் காட்டித்தான் பாடம் எடுக்குறேன். ஒருத்தரும் கீலப் பாக்கலைங்க.

— நாளைக்கு கிளாஸ்ல சொல்லு. யாரு கண்டுபிடிச்சாகன்னு கேட்டா, ‘எங்க வீட்டுக்காரர் பெரிய இன்ஜினியர்’னு சொல்லு.

— அத இன்னும் விடலையா நீங்க?

— எப்படி விட? ஆண்டு விழாவுல அத்தன பேரு முன்னாடி சொன்னே. ஐடிஐயப் பாதியில விட்டவன் நான். ஒரு மேடம் வந்து, “சார் எந்தக் காலேஜ்ல படிச்சீக”ன்னு கேட்டாக. வாயில முறுக்கு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

— பாவம்.

— சிரிக்காத. லேத்துன்னு சொன்னா உன் நாக்கு தேஞ்சிருமா?

— தப்புதான். அன்னைக்கு ராத்திரியே சொல்லலாம்னு சோத்தப் போட்டு வச்சுட்டு உக்காந்திருந்தேன். நீங்க வீட்டுக்கு வந்தாத்தான?

— அதுவும் ஒரு தப்புதான்.

— உங்களப் பிரின்சிபால் தானாக் கூப்பிடல. மதுரையில இருந்து ஆள் வரச் சொல்லலாம்னாக. நான்தான், “எங்க வீட்டுக்காரர் மார்க்கையன்கோட்டையில லேத் வச்சிருக்காக, அவுகளே பாத்துருவாக”ன்னேன். ஸ்டாஃப் ரூமே கேட்டுச்சு.

— அந்த முறுக்கு மேடம்?

— அவுகளும்தான். டீயக் கீழ வச்சுட்டுக் கேட்டாக.

— கேட் நோட்டுலயும் எழுதியிருந்துச்சு. ‘விஜயகுமார், லேத் பட்டறை. ஞானசெல்வி மேடத்தின் கணவர்.’ உன் கையெழுத்து.

— பாத்தீகளா?

— ரெண்டு தடவ. வாட்ச்மேன் பேனாவ நீட்டிக்கிட்டே நிக்கிறாரு, நான் படிச்சுக்கிட்டே நிக்கிறேன்.

— அப்புறம் எதுக்கு ஏறுனதுல இருந்து தாழ்ப்பாள், தாழ்ப்பாள்ங்கிறீக?

— நீயும் அதத்தான பேசுனே.

— ஹாரன் கேக்குதுங்க. தம்பி வந்துட்டான்.

— கேக்குது.

— இப்பவாச்சும் சொல்லுங்களேன்.

— மிக்சி போனாப் போகட்டும். நீ போகாத.

— இத மூணு மாசத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாம்ல?

— அப்ப இறங்கி ஓட வழி இருந்துச்சே.

— சரி, இருங்க. இப்பக் கதவு வருதான்னு திருகிப் பாக்குறேன்.

— திருக வேணாம். அந்த வார விட்டாப் போதும், கதவு தானா வரும். உன் கை செவந்து போச்சு. நீ ஏறுறதுக்கு முன்னாடியே தாழ்ப்பாளக் கழட்டிச் சட்டப் பையில போட்டுட்டேன்.