தோல் உரிக்காத கிழங்கு

மூதூர் பஸ் திருகோணமலையில் இருந்து புறப்படக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மா, பக்கத்தில் இருந்த, தனக்குத் தெரிந்த பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது.

“என்ரை மகளைப் பொம்பிளை பாக்க வந்தவைக்கு, மருமகள் உருளைக்கிழங்கைத் தோல் உரிக்காமலே வைச்சவள்.”

“தோலோடையோ, அக்கா?”

“ஓம். அவண் அடுப்பிலை சுட்டு, நடுவைத் தோண்டி, பட்டரும் சீஸும் வெங்காயத்தாளும் அடைச்சுத் திரும்பவும் சுட்டவள். ஒருக்காச் சுட்டது காணாதாம். எனக்கு மானம் போச்சு.”

“வந்த ஆக்கள் சாப்பிட்டவையோ?”

“என்ரை நண்டுக்கறியை ஒருத்தரும் தொடேல்லை. கிழங்குத் தட்டுத்தான் வெறுமையாப் போச்சு. ஆர் சமைச்சதெண்டு மாப்பிளையின்ரை தாய் கேட்டா. என்ரை மகள் எண்டு சொல்லிப்போட்டன்.”

“உங்கடை மகளுக்குத் தேத்தண்ணி ஊத்தவும் தெரியாதே.”

“அதுக்கென்ன, சம்பந்தம் சரிவந்திட்டுது.”

“மருமகள் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“அவை போனாப்பிறகு கேட்டவள், ‘மாமி, மச்சாளின்ரை சீதனத்தோடை என்னையும் அனுப்பப் போறியளோ?’ எண்டு.”

“அனுப்புவியளோ?”

அந்த அம்மா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“நல்ல கதை. பிறகு எங்கடை வீட்டிலை ஆர் சமைக்கிறது?”