ஹெலிக்கு வழிவிடாத பாட்டு

ஹலோ... ஹலோ, யசிந்தாவோ? நான் மாக்கிறட், மீன்பிடிச் சங்கக் கந்தோரிலை இருந்து... ஓமோம். போனை வையாதை, வையாதை! உன்ரை மனுசன் கடலிலை பாடிக்கொண்டிருக்கிறார்...

இல்லையடி, பகிடியில்லை. இங்கை றேடியோ செட்டிலை கேக்குது. லம்பேட் அண்ணை தன்ரை படகு மைக்குக்கு மேலை குந்தியிருக்கிறார் போலை, பட்டன் அமந்துபோய்க் கிடக்கு. அவர் பாடுறது முழுக் கடலுக்கும் கேக்குது, வேறை ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது... ஓம், மாதா பாட்டுத்தான்... சீ, இப்ப சுருதியை விடு!

கேள். சிலாவத்துறைக் காமில் அண்ணை கடலட்டை பிடிக்க அடியிலை குளிச்சுப்போட்டு, மேலை வந்தோடனை மயங்கி விழுந்திட்டார். ஆளை ஏத்த ஹெலிகொப்டரும் வந்து சுத்துதாம், நேவிக் காம்பிலை இருந்து போனெடுத்துச் சொன்னவங்கள். கீழை அவ்வளவு படகு. எதிலை ஆளெண்டு கேக்க வேணுமெல்லே? அந்த றேடியோச் சனலிலை உன்ரை மனுசன் கச்சேரி வைக்கிறார்... வேறை சனலுக்கு மாறச் சொல்லவும் இந்தச் சனல்தானே வேணும், விசரி!... காமிலின்ரை போன் எடுபடேல்லை.

லம்பேட் அண்ணைக்கோ? போன் அடிச்சனான். "ஆரோ தெரியாத நம்பர்" எண்டுபோட்டுத் திரும்பப் பாடுறார். அதுவும் எங்களுக்குக் கேக்குது! இது உன்ரை வீட்டுப் போன்தானே? இதை வையாதை. கைப்போனாலை நீ அடி... ஓம், இப்பவே.

ஆ, மணி அடிக்குது, செட்டிலை கேக்குது... எடுக்கிறாரில்லை. "அவள்தான், அடிக்கட்டும்" எண்டுறார். என்னடி சண்டை?... பாடகர் குழுவுக்கு முன்னாலையோ?... "நீங்கள் வாயை மட்டும் அசைச்சாப் போதும்" எண்டு சொன்னனியோ? ஐயோ யசிந்தா!

பொறு, பொறு... "இன்னொருக்கா அடிச்சாளெண்டால் எடுப்பன்" எண்டுறார். அடி!... என்ன, மாட்டியோ?... அவரே அடிக்கட்டும் எண்டோ? உன்ரை ரோசத்தைக் கொண்டுபோய் அலுமாரிக்கை வைச்சுப் பூட்டு! காமிலின்ரை மனுசி பஸ்மினா எனக்குப் பக்கத்துக் கதிரையிலை இருக்கிறா. விடாமல் துஆ ஓதுறா. புருசன் உயிரோடை இருக்கிறாரோ இல்லையோ எண்டு கேக்க வந்த மனுசிக்கு உன்ரை மனுசன்ரை பாட்டுத்தான் கேக்குது. எனக்குப் பயமாக் கிடக்கு யசிந்தா. அடி, என்ரை ராசாத்தியெல்லே...

மணி அடிக்குது... எடுத்திட்டார்! சொல்லு, எழும்பச் சொல்லு! மைக்குக்கு மேலை இருக்கிறியள் எண்டு... கத்தடி!

...

பாட்டு நிண்டிட்டுது... உஷ், பொறு... ஹெலி கூப்பிடுது! அரைத் தமிழிலை கேக்கிறாங்கள்... காமிலின்ரை படகு பதில் சொல்லுது. இடுப்பிலை கட்டின சிவப்புச் சாறனை ஆட்டினமாம்... கண்டிட்டாங்கள்! கண்டிட்டாங்களடி!... கயிறு இறக்கிறாங்களாம்... பஸ்மினா, கேளுங்கோ... ஓம், ஓம், ஏத்தியாச்சு. கண் முழிச்சவராம். அழாதேங்கோ, இந்தாங்கோ தண்ணி...

ஓம் யசிந்தா, இருக்கிறன். அவர் இன்னும் கைப்போனிலை நிக்கிறாரோ? என்ன கேக்கிறார்?... எப்பிடிப் பாடினனான் எண்டோ! ஐயோ மாதாவே!... நல்லாப் பாடினனியள் எண்டு சொல்லடி. கூசாதை, இனிக் கடலுக்குக் கேக்காது. நானும் வைக்கிறன்.