சின்ன டேங்க் தாங்கும் தூரம்

— டம்ளரு நான் எங்க வச்சனோ அங்கதான்யா இருந்துச்சு. நீதான் தட்டிவுட்ட.

— டீ போனா போவுது, விடு ரூபினி. அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு.

— உன் இடது கைப் பக்கம் வச்சேன். வேணும்னுதான் வச்சேன்.

— காலங்காத்தால எனக்குப் பரீட்சையா?

— இரும்பு ஒரசறப்ப கிரைண்டர் சில்லு பட்ட கண்ணு. ஊருக்கெல்லாம் மறைச்சிட்ட, சரி. என்கிட்டயுமா? டாக்டரு இன்னா சொன்னாரு? அந்தக் கண்ணுல இனிமே வெளிச்சம் மட்டுந்தான் தெரியும், வண்டி ஓட்டாதன்னு சொன்னாரா இல்லியா?

— ஸ்கூட்டர்தான் விட்டுட்டனே, ஆய்த்தா?

— ஸ்கூட்டர் ஆபத்து. ஹொஸ்கோட்டே ரோட்டுல இருநூறுல பந்தயம் வுடற காரு ஆபத்தில்ல. நல்லா கீதுய்யா உன் நியாயம்.

— நேர் ரோடு. அதுக்கு ஒரு கண்ணு போதும்.

— இடது பக்கச் சந்துலருந்து பால் வண்டி வரும். அப்ப இன்னா பண்ணுவ?

— ஞாயித்துக்கெழம விடியறப்ப எவன் வரப்போறான்?

— பாலுக்கு ஏதுய்யா ஞாயிறு? அந்தத் தருண் கிட்ட சொல்லிடு. கண்ணு சரியில்ல, உன் காரு நீயே ஓட்டிக்கோன்னு. வாய் வரலன்னா நான் சொல்றேன்.

— சொல்லிட்டு? “முகேஷண்ணா கட்டின வண்டிய முகேஷண்ணாவே ஓட்ட மாட்டேங்கறாரு”ன்னு வைட்ஃபீல்ட் பூரா பேசுவானுங்க. கண்ணு போன மெக்கானிக்கு எவன் இன்ஜின் குடுப்பான்? நீலசந்திராலருந்து ஷெட்ட மர்பி டவுனுக்குத் தூக்கியாந்தது பூட்டு போடறதுக்கா?

— பைப்பு, வயரு எல்லாம் நான்தான போடறேன். எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான கீது.

— அது உனக்கும் எனக்கும் தெரியும். அவனுங்களுக்கு மெக்கானிக்னா நான்தான்.

— அப்படித்தான வச்சிருக்க.

— சும்னே ஆரம்பிக்காத ரூபினி. டிக்கியில இன்னா பண்ணியிருக்கன்னு சொல்லு. அவன் கேப்பான், நான் பதில் சொல்லணும்.

— போன வாரம் தருண் மிதிச்சப்ப வண்டி இருமுச்சுல்ல? மிதிச்ச வேகத்துல டேங்க்ல பெட்ரோல் பூரா பின்னால ஒதுங்கிருச்சு, பம்ப் காத்த குடிச்சுது. இப்ப டிக்கியில இந்தச் சின்ன டேங்க். பெரிய டேங்க் பம்ப் இதுக்கு ஊத்திக்கினே இருக்கும். இதுலருந்து இன்னொரு பம்ப் இன்ஜினுக்குத் தள்ளும். இன்ஜின் குடிச்சது போவ மிச்சம் திரும்ப இதுக்கே வரும். இது ரொம்பி வழிஞ்சா மேல இருக்கற பைப்பு வழியா பெரிய டேங்குக்குப் போயிரும். பெரிய டேங்க்ல பெட்ரோல் எந்தப் பக்கம் ஓடினாலும் இன்ஜின் பட்டினி கெடக்காது. போதுமா?

— பைப்பு எது?

— எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கறது. சாதா ரப்பர் போட்டா கொழகொழன்னு ஆயிடும்.

— நேத்து சாவி போட்டப்ப எப்படி கேட்டுச்சு தெரியுமா? மொதல்ல பின் சீட்டுக்கு அடியில பெரிய டேங்க் பம்ப் ஒரு முனகல். அப்புறம் டிக்கியில இது ஒரு விசில். ரெண்டும் சேந்தாத்தான் வண்டிக்கு உசுரு வந்த மாதிரி.

— எனக்குத் தலவலிதான் வந்துச்சு. ராவும் பகலும் இரும்ப ஒரசற சத்தம் பத்தாதுன்னு இது வேற.

— நீயும் படுத்து எத்தன நாளாச்சு. நான் போனதும் போய்ப் படு.

— நீ போய்ட்டா எனக்குத் தூக்கம் வருமா?

— இது ஒரு வாட்டிதான். ஓட்டிக் காட்டிட்டா இன்னும் நாலு வண்டி வரும். அப்புறம் நான் சீட்டுல உக்கார மாட்டேன், ஆய்த்தா?

— போன பந்தயத்துக்கும் இதேதான் சொன்ன.

— அப்ப ரெண்டு கண்ணு இருந்துச்சு.

— அதத்தான்யா நானும் சொல்றேன்.

— நகரு. சாவி போடறேன். கொஞ்சம் பேசாம இரு, பம்ப் கேக்கட்டும்.

— ஹெல்மெட் எடுத்துக்கினியா? தண்ணி பாட்டில்? இரு இரு, ஷட்டர் முட்டும், முழுசா ஏத்திடறேன்.

— இப்பத்தான் ஏத்தணுமா அத? காது கிழியுது!

— துரு புடிச்சிக் கெடக்குது, நான் இன்னா பண்ண? ஸ்டார்ட் ஆச்சுல்ல? கெளம்பு.

— போவாதன்னு அழுதவ இப்ப தொரத்தற.

— அழுது அழுது அலுத்துப் போச்சுய்யா. போ.

— சரி. வரேன்.


— அலோ, ரூபினி. வண்டி நின்னுருச்சு.

— எங்க? உனக்கு ஒண்ணும் ஆவலியே?

— பையப்பனஹள்ளி தாண்டல. ஓரமாத்தான் நிக்குது. ரெண்டு வாட்டி இருமுச்சு, நின்னுச்சு. அவ்ளோதான்.

— திட்டறதுன்னா திட்டிக்கோ. நான்தான் பண்ணேன். நீ எழுந்திரிக்கறதுக்கு முன்ன பெரிய டேங்க் பம்போட பிளக்க கழட்டிட்டேன். சின்ன டேங்க்ல இருந்தத வடிச்சிட்டு ஒரு சொம்பு பெட்ரோல் மட்டும் விட்டேன். ஊருக்குள்ள மெதுவாத்தான் போவ, பெரிய ரோட்டுல வேகம் புடிக்கறதுக்குள்ள தீந்துரும்னு கணக்குப் போட்டேன். இன்னாய்யா, ஏதாவது பேசு.

— கேட்டுக்கினுதான் இருக்கேன்.

— பின் சீட்டத் தூக்கினா பிளக் தொங்கும். மாட்டினா சின்ன டேங்க் ரொம்பும், வண்டி ஓடும். போறதுன்னா போ. இனிமே தடுக்க எனக்குத் தெம்பில்ல.

— தருண் கூப்ட்டான்.

— எப்ப?

— நிக்கறதுக்கு முன்னாலயே. உள்சூர் சிக்னல்ல இருந்தேன்.

— வந்துக்கினே இருக்கேன்னு சொன்னியா?

— பெரிய டேங்க் பம்ப் வேல செய்யல, வர முடியாது, நீங்க ஆரம்பிங்கன்னு சொல்லிட்டேன்.

— இருய்யா. உள்சூர்ல வண்டி ஓடிக்கினுதான இருந்துச்சு? அப்பவே பம்ப்ப பத்தி உனக்கு எப்படித் தெரியும்?

— கண்ணுதான்டி போச்சு, காது போவல. நீ ஷட்டர ஏத்தினப்பவே பின் சீட்டுக்கு அடியில முனகல் வரலன்னு தெரியும். தெரிஞ்சுதான் வண்டிய வெளிய எடுத்தேன்.